7 முட்டை, ஒரே தம்பதி: கருமுட்டை தானத்தில் எது மாறும், எது மாறாது

2022-இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் போலி ஆதார் அட்டையை வைத்துத் திரும்பத் திரும்பக் கருமுட்டை எடுத்து விற்ற கொடுமை வெளியே வந்தது. அதிலிருந்து 'கருமுட்டை' என்ற சொல்லைக் கேட்டாலே நம் பக்கத்தில் ஒரு பயம். தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து சேலத்துக்கோ பெங்களூருக்கோ சிகிச்சைக்குப் போகும் தம்பதியிடம், "உங்க முட்டை போதாது, டோனர் வெச்சுப் பண்ணலாம்", அதாவது இன்னொரு பெண் தானமாகத் தரும் முட்டையில் கரு உருவாக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் எழும் முதல் கேள்வி, "இது சட்டப்படி சரியா?" இரண்டாவது இன்னும் கனமானது: "அப்போ அது எங்க குழந்தையா?" இந்த இரண்டிலேயே மனசு சுற்றிக்கொண்டிருப்பதால் மூன்றாவது கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது: எத்தனை முட்டை வரும், அதில் எத்தனை கருவாகும், அந்தக் கரு தங்க என் உடம்பில் எதெல்லாம் சரியாக இருக்க வேண்டும்?

சிகிச்சை பலிப்பதும் பலிக்காததும் பெரும்பாலும் அந்த மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்கலாம்.

முட்டையின் வயது, கருப்பையின் வயது

ஆணுக்கு விந்தணு நாள்தோறும் புதிதாக உருவாகிறது. பெண்ணுக்கு அப்படியில்லை. பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் முட்டைகளோடு பிறக்கிறாள். வயதுக்கு வரும்போது 3 முதல் 4 லட்சம் மிஞ்சும். வாழ்நாளில் வெளிவந்து கருவுற வாய்ப்புப் பெறுபவை 400, 500 மட்டுமே. ஆகவே 40 வயதுப் பெண்ணின் முட்டைக்கும் வயது 40.

வயதாக ஆக எண்ணிக்கையும் குறைகிறது, தரமும் குறைகிறது. தரம் என்பது இங்கே முக்கியமாகக் குரோமோசோம் கணக்கு. முட்டை தன் 46 குரோமோசோம்களைச் சரிபாதியாக, 23 ஆகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வயதான முட்டையில் இந்தப் பங்கீடு அடிக்கடி பிசகுகிறது. பிசகிய முட்டையில் உருவான கரு ஒட்டாமல் போகும், அல்லது ஒட்டி 6, 8 வாரத்தில் கலையும், அல்லது டவுன் சிண்ட்ரோம் போன்ற நிலையோடு வளரும். 35-க்குப் பிறகு சரிவு தொடங்குகிறது. 40-ஐத் தாண்டினால் செங்குத்தாக இறங்குகிறது.

எண்ணிக்கையை அளக்க வழி உண்டு: ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை, மாதவிடாயின் 2 அல்லது 3-ஆம் நாள் ஸ்கேனில் சினைப்பையில் தெரியும், முட்டை வளரும் சிறு நுண்பைகளின் எண்ணிக்கை. தரத்தை அளக்க ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. அதற்கு வயதுதான் அளவுகோல். இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 28 வயதில் ஏஎம்எச் குறைவு என்றால் முட்டை கொஞ்சம், ஆனால் இருப்பவை இளமையானவை. 43 வயதில் ஏஎம்எச் குறைவு என்றால் முட்டையும் கொஞ்சம், தரமும் சந்தேகம். இரண்டு பேருக்கும் ஒரே தாளைப் பார்த்து "டோனர்" என்று சொல்வது சரியல்ல. 30-ஐ எட்டாத பெண்ணுக்கு ஏஎம்எச் எண்ணை மட்டும் காட்டி டோனர் முட்டை பரிந்துரைத்தால், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கருப்பை இப்படி வேகமாக மூப்படைவதில்லை. சினைப்பை வேலை செய்யாத பெண்களும் வேறொருவர் முட்டையில் உருவான கருவைச் சுமந்து பெற முடியும் என்பது 1983, 84 வாக்கில் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நிரூபணமானது. மாத்திரையால் கருப்பையைத் தயார்செய்ய முடியும். மாத்திரையால் முட்டையை இளமையாக்க முடியாது. கருமுட்டை தானத்தின் அடிப்படை முழுவதும் இந்த இரண்டு வாக்கியம்தான்.

யாருக்கு உதவும், யாருக்கு உதவாது

உதவுவது இவர்களுக்கு:

1. 40 வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துபோனவர்கள். மாதவிடாய் மாதக்கணக்கில் வராமல், எஃப்எஸ்எச் (முட்டையை வளரத் தூண்டும் ஹார்மோன்) 25-க்கு மேல் இருக்கும்.
2. டர்னர் சிண்ட்ரோம் போன்ற பிறவிக் காரணம், புற்றுநோய்க்கு எடுத்த கீமோ அல்லது கதிர்வீச்சு, சாக்லேட் கட்டிக்காக (பழைய ரத்தம் தேங்கிய கட்டி) சினைப்பையில் செய்த அறுவை ஆகியவற்றால் முட்டையை இழந்தவர்கள்.
3. 40-ஐத் தாண்டி, சொந்த முட்டையில் செய்த ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் கருவூட்டுவது) பலமுறை தோற்றவர்கள்.
4. தாய் வழியாகக் குழந்தைக்கு இறங்கும் கடுமையான மரபணு நோய் உள்ளவர்கள்.

டோனர் முட்டையால் தீராதவை இன்னொரு பக்கம் இருக்கின்றன. பணத்தையும் நம்பிக்கையையும் அதிகம் கரைப்பது இந்தப் பக்கம்தான். சிறு வயதில் காசநோய் வந்துபோன பெண்ணுக்குக் கருப்பையின் உட்பக்கம் தழும்பாகி ஒட்டிப்போயிருக்கலாம். மாதப்போக்கு சொட்டுச் சொட்டாக, ஓரிரு நாளில் நின்றுவிடுவது இதற்கு ஓர் அறிகுறி. ஹிஸ்டெரோஸ்கோப்பி, அதாவது உள்ளே சிறு கேமரா விட்டுப் பார்க்காமல் அங்கே யாருடைய கருவை வைத்தாலும் வீண். கருக்குழாய் அடைத்து நீர் கோத்திருந்தால் அந்த நீர் கருப்பைக்குள் வடிந்து கருவைக் கெடுக்கும்; வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகும். முதலில் குழாயை எடுக்கவோ கிளிப் போட்டு அடைக்கவோ வேண்டும். கருப்பைக் குழிக்குள் துருத்தும் நார்க்கட்டி, பாலிப் (சிறு சதை வளர்ச்சி) இரண்டையும் அகற்ற வேண்டும். கணவரின் விந்தணுவில் குறை இருந்தால் அது அப்படியே தொடரும். முட்டையை மாற்றினால் முட்டைக் குறை மட்டுமே மாறும்.

நம் மாவட்டங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று உறவுக்குள் கட்டிக்கொடுப்பது இங்கே சாதாரணம். கணவன் மனைவி இருவருமே ஒரே ஒளிந்த மரபணுக் குறையைச் சுமந்து, அதனால் முந்தைய குழந்தை இறந்திருந்தால், டோனர் முட்டை அந்தச் சங்கிலியை அறுக்கும். ஆனால் டோனரிடமும் அதே குறை இல்லை என்று பார்த்தால்தான் அறுக்கும். கணவர் தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயின் கேரியர் (நோய் இல்லாமல் குறையை மட்டும் சுமப்பவர்) என்றால் டோனருக்கும் தலசீமியா பரிசோதனை முடிந்து 'இல்லை' என்று தாளில் வந்திருக்க வேண்டும்.

சட்டம் போட்ட கணக்கு: ஏழு

துணை இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், 2021 என்பது முழுப்பெயர். பேச்சில் ஏஆர்டி சட்டம். 2022 ஜனவரி 25-இல் நடைமுறைக்கு வந்தது. மத்திய சட்டம் என்பதால் ஓசூரில் செய்தாலும் 40 கிலோமீட்டர் தள்ளிப் பெங்களூரில் செய்தாலும் விதி ஒன்றுதான்.

* டோனரின் வயது 23 முதல் 35 வரை.
* ஒரு பெண் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் முட்டை தரலாம்.
* அவரிடமிருந்து 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது.
* ஒரு டோனரின் முட்டையை ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கக் கூடாது.
* சிகிச்சை பெறும் பெண் 21-க்கு மேல் 50-க்குள்ளும், ஆண் 21-க்கு மேல் 55-க்குள்ளும் இருக்க வேண்டும்.
* முட்டை எடுப்பதால் வரும் சிக்கல்களுக்கு டோனர் பெயரில் 12 மாதக் காப்பீட்டைத் தம்பதி எடுத்துத் தர வேண்டும்.

இதில் உங்கள் திட்டத்தைத் தீர்மானிப்பது 7 என்ற எண். ஆய்வகத்துக்குள் போய்ப் பார்த்தால் அது எப்படிச் சுருங்குகிறது என்று தெரியும்.

1. ஊசியால் உறிஞ்சிய திரவம் 37 டிகிரி வெப்பத்தில் சிறு தட்டுக்கு வருகிறது. நுண்ணோக்கியின் கீழ் 7 முட்டைகள். அவற்றைச் சுற்றியுள்ள மேகம் போன்ற செல்களைக் கழற்றிப் பார்த்தால் 5 அல்லது 6 மட்டுமே முதிர்ந்தவை.
2. முதிர்ந்த ஒவ்வொன்றுக்குள்ளும் கணவரின் ஒரு விந்தணுவைக் கண்ணாடி ஊசியால் செலுத்துகிறார்கள். இதுதான் இக்சி. மறுநாள் காலையில் 4 வாக்கில் கருவுற்றிருக்கும்.
3. ஐந்தாம் நாள் வரை வளர்ந்து பிளாஸ்டோசிஸ்ட் என்ற நிலையை எட்டுபவை அதில் பாதி. ஆக 2.
4. ஒன்றைக் கருப்பையில் வைக்கலாம், ஒன்றை உறைய வைக்கலாம்.

இது சராசரிக் கணக்கு. சிலருக்கு 3 கிடைக்கும், சிலருக்கு 1, ஒன்றுமே மிஞ்சாமல் போவதும் உண்டு. இளம் டோனரின் முட்டையில் உருவான நல்ல பிளாஸ்டோசிஸ்ட்டை ஒருமுறை வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு, வெளிநாட்டுப் பதிவேடுகளின்படி 10-க்கு 4 முதல் 5. அதாவது முதல் முயற்சியில் பலிக்காதவர்களும் சரிபாதிக்குக் குறையாமல் இருப்பார்கள். "டோனர் போட்டா நூறு சதவீதம்" என்று சொல்லும் இடத்தில் கட்டணக் கவுண்டருக்குப் போகாமல் திரும்பிவிடுவது நல்லது.

முட்டை புதிதா, உறைந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்த முட்டைகளை உருக்கும்போது 10-க்கு ஒன்று போல உடையலாம். 7-இல் ஒன்று போனால்கூட மேலே சொன்ன கணக்கு ஒரு படி இறங்குகிறது.

டோனர் பக்கம் நடப்பது

டோனரைத் தேர்ந்தெடுப்பது, பரிசோதிப்பது, பதிவுசெய்வது எல்லாம் தனியாகப் பதிவுபெற்ற ஏஆர்டி வங்கியின் (முட்டை, விந்து வங்கி) பொறுப்பு. சிகிச்சை மையமே ஆள் பிடிப்பதற்கோ, "தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு இருக்கு" என்று இடைத்தரகர் கூட்டிவருவதற்கோ சட்டத்தில் இடமில்லை. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் பரிசோதனை கட்டாயம். ஆதார் எண், முகவரி வங்கியிடம் பதிவாகும். உங்களிடம் அடையாளம் சொல்லப்படாது. வயது, ரத்த வகை, நிறம், உயரம், படிப்பு போன்ற விவரங்கள்தான் கிடைக்கும்.

பரிசோதனை முடிந்தபின், மாதவிடாயின் 2-ஆம் நாளிலிருந்து முட்டை வளர்க்கும் எஃப்எஸ்எச் ஊசி தினமும், சுமார் 9 முதல் 12 நாள். இடையிடையே ஸ்கேன். முட்டை தானாக வெடித்துவிடாமல் தடுக்க இன்னொரு மருந்து. நுண்பைகள் 18 மில்லிமீட்டரைத் தொடும்போது முட்டையை முதிரவைக்கும் கடைசி 'ட்ரிகர்' ஊசி. அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து, பெண்ணுறுப்பு வழியாக ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் முட்டையை எடுப்பார்கள். 20, 30 நிமிட வேலை. அன்றே வீட்டுக்குப் போகலாம்.

இங்கே தவறக்கூடியது சினைப்பை மிகைத்தூண்டல். மருந்தளவு கூடினால் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூச்சுத் திணறி, ரத்தம் உறையும் வரைக்கும் போகும். ட்ரிகருக்கு எச்சிஜி ஊசிக்குப் பதிலாக ஜிஎன்ஆர்எச் அகோனிஸ்ட் ஊசி போட்டால் இந்த ஆபத்து மிகவும் குறைகிறது. டோனருக்கு அதைத்தான் போட வேண்டும். 7 முட்டை என்ற வரம்பைப் பற்றி மருத்துவர்களிடையே விமர்சனமும் உண்டு: 15 நுண்பை வளர்ந்தபின் ஏழோடு நிறுத்தினால் மீதி எட்டும் உள்ளேயே இருக்கும், அதுவும் டோனருக்கு நல்லதல்ல. ஆகவே தொடக்கத்திலேயே மருந்தளவைக் குறைத்துப் போடுவதுதான் சரியான வழி. உங்களுக்காக ஊசி போட்டுக்கொள்ளும் அந்தப் பெண்ணுக்கு எந்த ட்ரிகர் போடுகிறார்கள், காப்பீட்டுத் தாள் எடுத்தாகிவிட்டதா என்று கேட்பது உங்கள் உரிமை. கடமையும்கூட.

டோனர் என்ன சாதி என்ற கேள்வியை இங்கே பலரும் தயங்கித் தயங்கியாவது கேட்கிறார்கள். நுண்ணோக்கியில் தெரிவது முட்டை முதிர்ந்திருக்கிறதா, இல்லையா என்பது மட்டும். குழந்தையின் உடல்நலத்தைத் தீர்மானிப்பது டோனரின் வயதும் பரிசோதனை முடிவுகளும். அந்த ஒரு கேள்விக்காக நல்ல டோனரை ஒதுக்கிவிட்டு ஆறு மாதம் காத்திருப்பது, 46 வயதுப் பெண்ணுக்கு ஈடுகட்ட முடியாத இழப்பு.

பெறுபவர் பக்கம்: மாத்திரையும் நேரமும்

கருவை வைக்கும் முன் முடிக்க வேண்டியவை: ஹீமோகுளோபின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், ரூபெல்லா எதிர்ப்பு, கருப்பைக் குழியின் நிலை. 40 தாண்டினால் மார்பகப் பரிசோதனை, 45-ஐ நெருங்கினால் இசிஜி, எக்கோ. ரத்தசோகையோடு தொடங்கக் கூடாது. ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தினமும், குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே.

பிறகு கருப்பையைத் தயார்செய்தல். வழக்கமான முறை இப்படி: மாதவிடாயின் 2-ஆம் நாளிலிருந்து கருப்பை உள்வரியை வளர்க்கும் ஹார்மோனான எஸ்ட்ராடியால் வேலரேட் 2 மி.கி. மாத்திரை, நாளுக்கு மூன்று. 10 முதல் 14 நாளில் ஸ்கேன் பார்த்தால் கருப்பை உள்வரி 7 மில்லிமீட்டருக்குக் குறையாமல், மூன்று கோடு போட்டதுபோல் தெரிய வேண்டும். தெரிந்ததும் கரு ஒட்ட உதவும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் தொடங்குகிறார்கள், பெரும்பாலும் 400 மி.கி. பெண்ணுறுப்பில் வைக்கும் மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. புரோஜெஸ்டிரோன் தொடங்கிய ஆறாம் நாள், ஐந்து நாள் வயதுள்ள பிளாஸ்டோசிஸ்ட் உள்ளே போகும். கருவின் வயதும் கருப்பையின் 'வயதும்' ஒரே நாளில் சந்திக்க வேண்டும். புரோஜெஸ்டிரோனை ஒரு நாள் தவறித் தொடங்கினால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கருவை வைக்கும் நாளை ஒரு நாள் தள்ளிவிடலாம். மறைத்தால் சந்திப்பு தவறிவிடும்.

ரத்தம் உறையும் நோய், கால் ரத்தக்குழாயில் ரத்த உறைவு, ஒருபக்கத் தலைவலி இருந்திருந்தால் எஸ்ட்ராடியால் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்ணாக இருந்தால் மாத்திரை இல்லாமல் இயல்புச் சுழற்சியிலேயே கருவை வைக்க முடியுமா என்று கேளுங்கள். பின்னால் வரும் ரத்த அழுத்தச் சிக்கல் அதில் குறைவு.

கணவர் லாரி ஓட்டுபவரோ, ஓசூர் கம்பெனியில் லீவு கிடைக்காத ஷிஃப்ட்டில் இருப்பவரோ, வெளிநாட்டில் இருப்பவரோ என்றால் விந்தை முன்கூட்டியே கொடுத்து உறைய வைத்துவிடுவது நல்லது. டோனரிடம் முட்டை எடுக்கும் நாள் உங்கள் வசதிக்குத் தள்ளிப்போகாது.

ஆடி மாதமும் தொப்பூர் கணவாயும்

ஆடியில் வேண்டாம், அமாவாசையில் வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள். உறைய வைத்த கரு காத்திருக்கும். ஆடி கழித்து ஆவணியில் வைத்துக்கொள்ளலாம், கருவுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் எஸ்ட்ராடியால் தொடங்கியபின் "நாள் சரியில்லை" என்று நடுவில் நிறுத்தினால் அந்த மாத முயற்சி முழுவதும் போய்விடும். நாள் பார்ப்பதாக இருந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே பார்த்து முடித்துவிட வேண்டும்.

சேலத்தில் கருவை வைத்துக்கொண்டு தருமபுரிக்குத் திரும்பும்போது தொப்பூர் கணவாயில் பஸ் குலுங்கினால் கரு நழுவிவிடுமா? விடாது. கருப்பையின் முன்சுவரும் பின்சுவரும் ஒட்டியே இருக்கின்றன. வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே ஒட்டிய கடுகைப் போலத்தான் கரு உள்ளே இருக்கும். இருமினாலும், சிறுநீர் கழித்தாலும், படி ஏறினாலும் விழாது. படுத்தே கிடந்தால் வெற்றி வாய்ப்பு கூடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். கனமான தண்ணீர்க் குடம், உடலுறவு இரண்டையும் சில நாள் தவிர்க்கச் சொல்வார்கள். மற்றபடி நடமாடலாம்.

10 முதல் 14 நாளில் கர்ப்பத்தைக் காட்டும் பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனை. மெடிக்கலில் வாங்கும் கார்டை ஐந்தாம் நாளே பார்ப்பது தேவையில்லாத அழுகைக்கு வழி. எச்சிஜி ஊசி போட்டிருந்தால் பொய்யாகக்கூடக் கோடு காட்டும்.

அடுத்தது, சிறு கவனக்குறைவால் பெரிய இழப்பு வருகிற இடம். கர்ப்பம் உறுதியானதும் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போகிறீர்கள். "இவ்வளவு ஹார்மோன் மாத்திரை எதுக்கு?" என்று யாரோ சொல்ல, நிறுத்திவிடுகிறீர்கள். இயல்பான கர்ப்பத்தில் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் திசுதான் முதல் வாரங்களில் புரோஜெஸ்டிரோன் சுரக்கிறது. மாத்திரையால் தயார்செய்த சுழற்சியில் உங்கள் சினைப்பையில் அந்தத் திசு இல்லை. நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் வரை, பொதுவாக 10 முதல் 12 வாரம் வரை, மாத்திரைதான் கர்ப்பத்தைத் தாங்குகிறது. 6 வாரத்தில் நிறுத்தினால் நல்ல கருவும் கலையும். துளி ரத்தம் பட்டாலும் மாத்திரையை நிறுத்தாமல், சிகிச்சை மையத்தைக் கேட்க வேண்டும்.

கர்ப்பத்தில் மறைக்கக் கூடாத ஒன்று

கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்குவது எல்லாக் கர்ப்பத்துக்கும் போலத்தான். அக்கம்பக்கத்துக்கு எதையும் சொல்ல வேண்டியதில்லை. பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் மட்டும், தனியாக, டோனர் முட்டை என்று சொல்லியே ஆக வேண்டும். காரணம் மூன்று.

1. ரத்த அழுத்தம். டோனர் முட்டைக் கர்ப்பத்தில் ப்ரீஎக்லாம்சியா (கர்ப்பகால ஆபத்தான ரத்த அழுத்த நோய்) வரும் வாய்ப்பு அதிகம். தாயின் உடம்புக்கு அந்தக் கரு முழுவதும் அந்நியம் என்பது காரணங்களில் ஒன்று. மருத்துவருக்குத் தெரிந்தால் 12 வாரம் முதல் 36 வாரம் வரை இரவில் குறைந்த அளவு ஆஸ்பிரின், பொதுவாக 150 மி.கி., கொடுத்து ஆபத்தைக் குறைப்பார். 140/90-ஐத் தொட்டாலோ, தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் வந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டை மலைக்கிராமங்களில் இருப்பவர்கள் கடைசி மாதங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூருக்குப் பக்கத்தில் வந்து தங்குவதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வது நல்லது.
2. டவுன் சிண்ட்ரோம் ஸ்கிரீனிங். 12-ஆம் வார ரத்தப் பரிசோதனைக் கணக்கில் முட்டையின் வயதைப் போட வேண்டும். 44 என்று உங்கள் வயதைப் போட்டால் இல்லாத ஆபத்து காகிதத்தில் வந்து நிற்கும். அதை நம்பித் தேவையற்ற ஊசிப் பரிசோதனை வரை போய்விடும்.
3. ரத்த வகை. நீங்கள் நெகட்டிவ், டோனரோ கணவரோ பாசிட்டிவ் என்றால், உங்கள் உடல் குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம்.

ஒரே கருவை வைக்கச் சொல்லுங்கள். "ரெட்டையா வந்தா ஒரே செலவில் முடிஞ்சிரும்" என்ற கணக்கு, குறைமாதப் பிரசவமும் இன்குபேட்டர் வாசமுமாகத் திரும்பிவரும். தாய்க்கு வயதும் கூடுதலாக இருந்தால் ரத்த அழுத்தம் இன்னும் ஏறும்.

அது யார் குழந்தை

சட்டத்தில் சந்தேகமே இல்லை. பிறக்கும் குழந்தை தம்பதியின் உயிரியல் குழந்தையாகவே கருதப்படும். சொத்து உட்பட எல்லா உரிமையும் உண்டு. டோனருக்குப் பெற்றோர் உரிமை எதுவும் கிடையாது. பிறப்புச் சான்றிதழில் பெற்ற தாயின் பெயர்தான். தத்து எடுக்கும் நடைமுறை தேவையில்லை.

வாடகைத்தாய் முறையோடு இதைக் குழப்ப வேண்டாம். இங்கே சுமப்பதும் பெறுவதும் பால் கொடுப்பதும் மனைவியே. வாடகைத்தாய் வழியில் டோனர் முட்டை சேர்க்கத் தனி விதி: 2023 மார்ச்சில் தடை வந்து, 2024 பிப்ரவரியில் தளர்ந்தது, இப்போது தம்பதியில் ஒருவருக்கு மருத்துவக் காரணம் இருப்பதாக மாவட்ட மருத்துவ வாரியம் சான்று தர வேண்டும்.

உயிரியலில், குழந்தையின் குரோமோசோம்களில் பாதி டோனருடையது, பாதி கணவருடையது. இதை ஒளிக்க நினைப்பவர்கள் ரத்த வகையைப் பற்றி யோசிப்பதில்லை. பெற்றோர் இருவரும் 'ஓ', டோனர் 'ஏ' என்றால் குழந்தை 'ஏ' ஆகப் பிறக்கலாம். பள்ளியில் ரத்த வகைக் கார்டு கொடுக்கும் நாளிலோ, உயிரியல் பாடத்தில் 'ஓ'-வும் 'ஓ'-வும் சேர்ந்தால் 'ஓ' மட்டுமே என்று படிக்கும் நாளிலோ பிள்ளை வீட்டுக்கு வந்து கேட்கும். டோனரின் ரத்த வகையைப் பொருத்தமாகத் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான். அதைவிட மேலானது, சிறு வயதிலேயே பிள்ளைக்குப் புரியும் சொல்லில், "உன்னைப் பெற இன்னொரு அம்மா ஒரு விதை கொடுத்து உதவினாங்க" என்று சொல்லிவிடுவது. டாக்டர் "அம்மா வழியில் யாருக்காவது சர்க்கரை, மார்பகப் புற்றுநோய் இருக்கா?" என்று கேட்கும்போது அந்தப் பிள்ளை தவறான பதிலைச் சொல்லி வளரக் கூடாது.

பணம் கட்டும் முன்

ஆண் குழந்தைதான் வேண்டும் என்று கேட்பதும், தருகிறேன் என்று சொல்வதும் குற்றம். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்திலும் 2001-இல் தருமபுரியிலும் வைக்க வேண்டியிருந்த மண் இது. இதை நாம் அறிந்தே பேச வேண்டும். கருவின் மரபணுப் பரிசோதனை நோய் கண்டறிய மட்டுமே அனுமதி. பாலினத் தேர்வுக்கு 5 முதல் 10 ஆண்டு சிறை அல்லது 10 முதல் 25 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். முட்டையை விற்பது, வாங்குவது, அதற்கு ஏஜென்சி நடத்துவது ஆகியவற்றுக்கு முதல்முறை 5 முதல் 10 லட்சம் அபராதம், மீண்டும் செய்தால் 3 முதல் 8 ஆண்டு சிறையும் சேரும். "பணம் குடுத்திடுங்க, பொண்ணை நான் ஏற்பாடு பண்றேன்" என்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்து பேசுபவர் உங்களையும் இதற்குள் இழுக்கிறார். கஷ்டத்தில் இருக்கும் ஒரு பெண்ணை, ஈரோட்டில் நடந்ததுபோல, பலமுறை ஊசிக்கு உட்படுத்துவதும் இப்படிப்பட்ட ஆட்கள்தான்.

எழுத்தில் வாங்க வேண்டியவை:

1. சிகிச்சை மையத்தின் பதிவு எண், டோனரைத் தரும் வங்கியின் பதிவு எண். இரண்டும் தனித்தனி. ஐவிஎஃப் செய்ய 2-ஆம் நிலை பதிவு வேண்டும். 1-ஆம் நிலை மையம் ஐயுஐ (விந்தைக் கருப்பைக்குள் செலுத்துவது) வரைதான் செய்யலாம்.
2. 7 முட்டையும் எங்களுக்கே என்ற உறுதி. எத்தனை எடுத்தது, எத்தனை முதிர்ந்தது, எத்தனை கருவுற்றது, எத்தனை பிளாஸ்டோசிஸ்ட் ஆனது என்ற ஆய்வக அறிக்கை.
3. ஒன்றுமே பிளாஸ்டோசிஸ்ட் ஆகாவிட்டால் அடுத்து என்ன, கட்டணம் என்ன.
4. வங்கிக் கட்டணம், டோனர் மருந்து, காப்பீடு, இக்சி, உறைய வைத்தல், கரு வைத்தல் என்று பிரித்துப் போட்ட செலவுப் பட்டியல். மொத்தத் தொகையாக ஒரே வரியில் எழுதித் தந்தால் ஏற்க வேண்டாம்.
5. சம்மதப் படிவம் தமிழில், இருவரும் படித்தபின். கரு உள்ளே போகும் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. புகார் இருந்தால் மையத்திலும் வங்கியிலும் குறைதீர்ப்புப் பிரிவு இருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

மிஞ்சிய கருவை 10 ஆண்டு வரை உறைநிலையில் வைக்கலாம். ஆண்டுக்கொரு முறை சேமிப்புக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். முகவரியோ கைபேசி எண்ணோ மாறினால் மையத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகல் வாங்கி, டோனரின் ரத்த வகைத் தாளோடு ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.